குடும்பக் காருக்கு டயர் வாங்குமுன்…

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம் கலையும் வேளையில், ஒரு மூலையில் கார் ஒன்று நிற்பதையும், பங்குத் தந்தை அதன்மீது தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அது புதுக் காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் பிறர் ஓட்டிக் கைமாறி வந்த சிறிய காராகவே இருக்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஜெபமாலை தொங்கும். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் பதக்கமும் இருக்கும். இருக்கைகளுக்குப் புது உறையும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் காரைத் தாங்கி நிற்கும் நான்கு டயர்களையும் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

நம் நகரில் கார் இன்று செல்வரின் சின்னமாக மட்டும் இல்லை. முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளோடு உறவினர் இல்லத் திருமணத்துக்குப் போகவும், மாதச் சம்பளக் குடும்பங்களும் சிறுகச் சிறுகச் சேமித்துக் காரை வாங்குகின்றன. வாங்கிய பின்னரே அதைப் பேணும் செலவு தெரியவருகிறது. அச்செலவுகளுள் திடீரென வந்து திகைக்க வைப்பது டயர்ச் செலவு.

ஒரு குடும்பத்தின் கவலை

நெல்லித்தோப்பில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். கணவர் ஒரு நிறுவனத்தில் கணக்கர். மனைவி பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இருவர், உடன் வயதான தாயாரும் இருக்கிறார். மே விடுமுறையில் வேளாங்கண்ணிக்குச் சென்று வருவதாகத் தாயார் செய்த பொருத்தனை ஒன்று நிறைவேறாமல் இருக்கிறது. கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாகப் போவதற்கு மட்டும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். புறப்படுமுன் வண்டியைக் காட்டியபோது, மெக்கானிக் சொல்லிவிட்டார்: "சார், முன்னாடி இரண்டு டயரும் மொட்டை. பின்னாடி இரண்டும் பாதி தேய்ந்துவிட்டது. இப்படியே நெடுந்தூரம் போகாதீர்கள்."

ஜூன் பிறந்தால் பள்ளிக் கட்டணம். கையில் இருப்பது ஏழாயிரம் ரூபாய். டயர் ஒன்று மூவாயிரம் என்று வைத்துக்கொண்டாலும் நான்குக்குப் பன்னிரண்டாயிரம் வேண்டும். பழைய டயர் விற்கும் கடையிலோ நான்கையும் ஐயாயிரத்துக்கே மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடுவதா? கடன் வாங்குவதா? பழைய டயர்களை மாட்டிக்கொண்டு, "மாதா பார்த்துக்கொள்வார்" என்று கிளம்பிவிடுவதா?

இந்தக் கேள்விக்கு விடை காணவே இக்கட்டுரை. சிக்கனம் என்பது நல்ல பண்பு. ஆனால் எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கலாகாது என்று பிரித்தறிவதே குடும்ப நிர்வாகத்தின் உயிர்நாடி அன்றோ!

உள்ளங்கை அகல இடம்

ஓடும் காரின் ஒவ்வொரு டயரும் எந்த நொடியிலும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு மனிதரின் உள்ளங்கை அகலமே. நான்கு உள்ளங்கைகள்! ஐவரின் எடை, பிரேக்கின் வலிமை, வளைவில் திரும்பும் திறன் அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் அடங்கியுள்ளன. எத்துணை நல்ல பிரேக் இருந்தாலும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம்.

டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மழையில் சாலைமேல் நிற்கும் நீரை அவை வாங்கி இருபுறமும் வெளியேற்றுகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றி டயருக்கும் சாலைக்கும் இடையே படலமாக நின்றுவிடும். அப்போது கார் நீரின்மேல் மிதந்து செல்லும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். புயல் இல்லாத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நமக்குப் புதிதல்லவே! கோடையில் மொட்டை டயர் ஓடுகிறது என்பதற்காக மழையிலும் ஓடும் என்று எண்ணுவது பெருந்தவறு.

பிரெஞ்சு மண்ணிலிருந்து நெட்டப்பாக்கம் வரை

காற்றடைத்த டயரின் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்குண்டு. 1845-இல் ஸ்காட்லாந்துக்காரரான இராபர்ட் வில்லியம் தாம்சன் முதன்முதலில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப்போக, 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் உருவாக்கினார். காருக்கும் அது பொருந்தும் என்று மெய்ப்பிக்க முனைந்தவர்கள் பிரான்சு நாட்டின் மிஷ்லேன் சகோதரர்கள். 1895-இல் பாரிஸிலிருந்து பொர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் மாட்டிய காரை அவர்களே ஓட்டிச் சென்றார்கள். வழிநெடுகப் பஞ்சர், பரிசும் கிடைக்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளில் உலகம் அவர்கள் வழிக்கே வந்தது.

அதே மிஷ்லேன் நிறுவனம் 1946-இல் 'ரேடியல்' டயருக்குக் காப்புரிமை பெற்றது. அம்பாசடர் கார் ஓடிய காலத்தில் நாம் கண்டவை இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே படிந்த டயர்கள். ரேடியல் டயரில் இழைகள் விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடும். தடத்தின் அடியில் எஃகு வலைப்பட்டை இருக்கும். ஆகவே அது குறைவாகச் சூடேறுகிறது, நெடுநாள் உழைக்கிறது, எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. இன்றைய கார்களில் இருப்பது இதுவே.

1946-ஆம் ஆண்டிலேதான் சென்னை திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யும் சிறு பட்டறையைத் தொடங்கினார். அது வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அந்நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று நம் நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரிப்பாக்கத்தில் இயங்கிவருகிறது. சென்னையைச் சுற்றி அப்பல்லோ, ஜே.கே., சியட், மிஷ்லேன் நிறுவனங்களின் ஆலைகளும் உள்ளன. ஆதலால் நல்ல டயருக்காக நாம் அயல்நாட்டை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. பெயர் அறியாத மலிவுச் சரக்கை நாட வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

டயரின் விலாவில் எழுதியிருப்பது

கடைக்குப் போகுமுன், நம் வண்டியில் இருக்கும் டயரின் பக்கவாட்டுச் சுவரைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 155/80 R13 79T என்று இருக்கிறது என்று கொள்வோம். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு என்பதைக் குறிக்கும். R என்றால் ரேடியல். 13 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 79 என்பது எடை தாங்கும் குறியீட்டெண். அட்டவணைப்படி ஒரு டயர் 437 கிலோகிராம் தாங்கும் என்று பொருள். T என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம்வரை அந்த டயர் தாங்கும் என்பதன் அடையாளம். அவ்வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதற்கான அனுமதி அன்று!

கார்த் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியுள்ள சீட்டிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். அந்த அளவையே வாங்குக. அகலமான டயர் கம்பீரமாகத் தோன்றும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். விலையும் கூடும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும், சக்கர வளைவில் உரசவும் கூடும். எடை தாங்கும் எண்ணில் மட்டும் ஒருபோதும் கீழே இறங்கலாகாது. ஐவரோடு பெட்டிகளும் ஏறும் குடும்ப வண்டிக்கு இது மிக முக்கியம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிறந்த நாள். ஆம், டயருக்கும் பிறந்த நாள் உண்டு! பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளை அடுத்துவரும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2425 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும், இறுகும், வெடிப்புக் காணும். ஆகவே புது டயர் என்று விற்கப்படுவது சில மாதங்களுக்குள் செய்யப்பட்டதாக இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத டயரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடவேண்டாம்.

மாற்ற வேண்டிய வேளை

புது டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அப்பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் இருப்பதைக் காணலாம். தடம் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். நம் நாட்டு மோட்டார் வாகன விதியும் பிரான்சு நாட்டுச் சட்டமும் காருக்கு வகுத்துள்ள கடைசி எல்லை அதுவே. ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, பாதுகாப்பின் எல்லை வேறு. ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்தவுடனேயே மழைக்காலத்துக்குமுன் மாற்றுவதற்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்குவது அறிவுடைமை.

பக்கச்சுவரில் புடைப்புத் தோன்றினாலோ, இழை வெளியே தெரிந்தாலோ அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிப்பது நல்லது. பத்து ஆண்டுகள் ஆகிவிட்டால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

மலிவு என்னும் மாயை

இனி நம் நெல்லித்தோப்புக் குடும்பத்துக்கு வருவோம். கணவர் பழைய டயர்களையே வாங்கிவிடலாம் என்று சொல்ல, கணக்கில் தேர்ந்த அவரையே அவர் மனைவி மடக்குகிறார்: "ஏங்க, விலையை மட்டும் பார்க்கிறீங்களே, அது எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்த்தீங்களா?"

எவ்வளவு கூரிய கேள்வி! மூவாயிரம் ரூபாய்ப் புது டயர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு ஏழரைக் காசு ஆகிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பழைய டயர் பத்தாயிரம் கிலோமீட்டரே ஓடினால், கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு காசு! விலை குறைந்த பொருளே விலை மிகுந்ததாய் முடிவதைக் காண்கிறோம். இடையில் வரும் பஞ்சர்ச் செலவும், வழியில் நின்று படும் பாடும் இக்கணக்கில் சேரவில்லை.

பழைய டயரில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அது எந்த வண்டியில் ஓடியது, எந்தக் குழியில் விழுந்தது, உள்ளிழை அறுந்ததா என்பதெல்லாம் வெளியே தெரியாது. கருஞ்சாயம் பூசிப் பளபளப்பாக்கியிருப்பார்கள். சிலர் தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளத்தை மேலும் ஆழமாக வெட்டிப் புதியதுபோல் காட்டுவதும் உண்டு. பள்ளத்தின் அடியில் இருக்க வேண்டிய சிறு மேடுகள் காணாமற்போயிருந்தால் அது வெட்டப்பட்டதே என்று ஐயுறலாம். 'ரீட்ரேட்' எனப்படும் புதுத்தடம் ஒட்டிய டயர்கள் லாரிக்கும் பேருந்துக்கும் முறைப்படி செய்யப்பட்டு நன்கு உழைப்பவை. ஆனால் சிறு காருக்குப் புது டயரின் விலையே குறைவாதலால் அதனால் பெரும் ஆதாயம் இல்லை.

அப்படியானால் வழி என்ன? அந்த அம்மையாரே அதையும் சொல்லிவிடுகிறார்: "நாலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? மோசமான இரண்டை மட்டும் இப்போது மாற்றுவோம். மற்ற இரண்டுக்கும் மாதாமாதம் ஒதுக்கி வைப்போம். தீபாவளி போனஸ் வந்ததும், மழை பிடிக்குமுன் வாங்கிவிடலாம்."

இதுவே நடுத்தரக் குடும்பத்துக்கு உகந்த வழி. இரண்டு டயருக்கு ஆறாயிரம். மிச்சமுள்ள ஆயிரத்தில் வீல் அலைன்மெண்ட், பேலன்சிங் செலவு அடங்கிவிடும். பின்னால் இருக்கும் இரண்டும் பாதியே தேய்ந்தவை. அவை மழைக்காலம் தொடங்கும்வரை தாங்கும்.

புது டயர் முன்னாலா, பின்னாலா?

இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். சிறு கார்களில் பெரும்பாலும் இயந்திரம் முன்சக்கரங்களையே இயக்குவதால் முன்டயர்கள் விரைவில் தேய்கின்றன. தேய்ந்த இடத்திலேயே புதியதை மாட்டுவதுதான் முறை என்று தோன்றும். ஆனால் புதியவை இரண்டும் பின்னாலும், பாதி தேய்ந்தவை முன்னாலும் இருப்பதே பாதுகாப்பு. காரணம் எளிது. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டியின் வால்பகுதி சுழன்று குறுக்கே திரும்பிவிடும். கைதேர்ந்தவரும் அதை மீட்பது கடினம்.

ஒரே அச்சின் இரு பக்கத்திலும் ஒரே அளவு, ஒரே நிறுவனம், ஒரே தட அமைப்புள்ள டயர்களே இருக்க வேண்டும். கழற்றிய டயர்களைப் பேரத்தில் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அவற்றுள் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை வேண்டாம். மொட்டை டயர் ஸ்டெப்னி ஆகாது. (பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லனெத்லி ஊரின் ஸ்டெப்னி வீதியில் 1904-இல் டேவீஸ் சகோதரர்கள் உருவாக்கிய உபரிச் சக்கரமே அப்பெயருக்கு மூலம். அவர்கள் ஊரில் மறைந்த சொல் நம் ஊரில் வாழ்கிறது!)

கடையில் பேச வேண்டியவை

இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். டயர் விலை மட்டுமா, மாட்டும் கூலியும் புது வால்வும் பேலன்சிங்கும் சேர்ந்ததா என்று தெளிவாகக் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயர்மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளதையும் நினைவில் கொள்க. புதுச்சேரியில் பல பொருள்களுக்கு வரி குறைவு என்று அக்கம்பக்கத்து மாவட்டத்தார் இங்கே வந்து வாங்கிய காலம் ஒன்றிருந்தது. 2017 ஜூலை முதல் டயருக்கு இரு புறமும் ஒரே வரிதான். ஆகவே "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் மயங்க வேண்டாம். பில் இல்லையேல் உற்பத்திக் குறைபாட்டுக்கான உத்தரவாதமும் இல்லை.

வாங்கிய பின் பேணுதல்

உண்மையான சிக்கனம் இனிமேல்தான் தொடங்குகிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். மே மாத வெயில், முழுச் சுமை, நெடுஞ்சாலை வேகம் ஆகியவற்றோடு குறைந்த காற்றும் சேர்ந்தால் டயர் வெடிப்பதில் வியப்பென்ன? ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு என்பது கதவுத்தூண் சீட்டிலேயே உண்டு. முழுச் சுமைக்கு வேறு அளவு குறித்திருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. நைட்ரஜன் நிரப்பப் பணம் கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்பதை அறிந்தால் அச்செலவு அவசியமா என்பது விளங்கும்.

எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம்மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட் பிசகு. இவ்வாறு டயரே நோயைச் சொல்லிவிடும்! கடற்கரை ஊராதலால் உப்புக்காற்றில் இரும்பு ரிம் துருவேறி, டியூப்லெஸ் டயரில் காற்று மெல்லக் கசிவதுண்டு. அடிக்கடி காற்று இறங்கினால் ஆணி குத்தியதா என்று மட்டும் பார்க்காமல் ரிம்மின் விளிம்பையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஸ்டெப்னிக்கும் மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள்.

பயணம் தொடங்குகிறது

நம் குடும்பத்தின் கார் இப்போது ஆயத்தம். பின்னால் இரண்டு புது டயர்கள், முன்னால் பாதி தேய்ந்த இரண்டு, காற்று சரியான அளவு, ஸ்டெப்னியும் சோதித்தாயிற்று. கடன் வாங்கவில்லை, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தில் கைவைக்கவில்லை. வெயில் ஏறுமுன் விடியற்காலையில் புறப்பட்டு, மிதமான வேகத்தில் செல்வதென்று தீர்மானம். பாட்டி பின் இருக்கையில் அமர்ந்து ஜெபமாலையைக் கையில் எடுக்கிறார்.

மாதா பார்த்துக்கொள்வார் என்னும் நம்பிக்கை நமக்கு உண்டு. ஆனால் நாம் பார்க்க வேண்டியதை நாம் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வதே அழகு. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன், உங்கள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, நான்கு டயர்களையும் குனிந்து பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடமே ஆகும். ஒரு காசும் செலவில்லை.